ஆக்கறது ஆரு?

தமிழ்நாட்டில் குழந்தைகளின் பசிக்கு ஒரு சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது என்றால் அது கொடுத்தவர்களின் சரித்திரம். 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றின் மாணவர்களுக்குத் தலைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. 1956ல் காமராஜ். 1982 ஜூலை முதல் தேதி திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். 1989ல் கருணாநிதி முட்டையைச் சேர்த்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். பிந்தியவற்றுக்குப் புகைப்படங்களும் உண்டு. தலைவர் குழந்தைகளோடு பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். தட்டு தெரிகிறது, பரிமாறும் கரண்டி தெரிகிறது. ஆக்கியவளின் முகம் எந்தப் படத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

இந்தச் சரித்திரம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன் அப்படிச் சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. ஆனால் கொடுத்தவர்களின் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு விஷயம் விளங்குவதில்லை. நூறு வருஷமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். திருப்பூரில் வேலை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. 2024-25ல் இந்த ஊரின் பனியன் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். ரேஷன் கடையில் 2011லிருந்து அரிசி இலவசம். இவ்வளவுக்கும் பிறகு, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். ரத்தசோகை உள்ள குழந்தைகள் 57.4 விழுக்காடு, அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 50.7. குறையவில்லை, கூடியிருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

எங்கள் வீட்டில் சத்துணவைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் சாயங்காலம் அம்மாயி என்னைக் கூப்பிட்டு, 'இந்த வருசம் ஆக்கறது ஆரு கண்ணு?' என்று கேட்பாள். கொடுக்கிறது யார் என்று அவள் கேட்டதே இல்லை. சரித்திரம் எழுதுகிறவர்களைக் காட்டிலும் அவளுடைய கேள்வி விஷயத்துக்கு நெருக்கமானது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கேள்வியின் நோக்கம் கேவலமானது என்பது வேறு சங்கதி. அதற்குப் பிறகு வருகிறேன்.

பசியை அளக்கிற வித்தை எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கோயமுத்தூர் ஜில்லாவும் அடிபட்டது. 1877 ஜனவரியில் இந்திய சர்க்காரின் பிரதிநிதியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாண சுகாதார கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது கொலை என்கிற அர்த்தத்தில் எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் கூலி மீண்டும் உயர்ந்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். எனக்கு இதில் சுவாரஸ்யமாகப் படுவது அந்தக் கணக்கின் அலகு. வேலை செய்கிற ஆணின் உடம்பு ஒன்று. பெண்ணும் குழந்தையும் அதன் பின்னங்கள். குழந்தை தனியாகப் பசிக்கிற ஜந்து என்பது அந்தக் கணக்கில் இல்லை.

குழந்தை கணக்குக்குள் வந்தது குன்னூரில். திருப்பூரிலிருந்து மேட்டுப்பாளையம் போய் மலையேறினால் அரைநாள்கூட ஆகாது. 1918ல் அங்கே பாஸ்டர் நிலையத்தின் ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய வேலைதான் பிற்பாடு உணவூட்ட ஆராய்ச்சிக் கூடமாகி, 1958ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மெக்காரிசனின் புகழ்பெற்ற பரிசோதனை எலிகளை வைத்துச் செய்தது. இந்தியாவின் வெவ்வேறு பிரதேசத்தார் சாப்பிடுவதை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்தார். கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் பருப்பும் தின்ற சீக்கிய எலிகள் திடகாத்திரமாக வளர்ந்தன. அரிசியை நம்பிய வங்காள எலியும் மதராஸ் எலியும் கடைசியில் நின்றன. எலிகளின் எடை இறங்குமுகமாக வரையப்பட்ட அந்தப் படம் அந்தக் காலத்தில் உலகமெங்கும் போயிற்று.

படத்தில் ஒரு பிழை இருக்கிறது. விஞ்ஞானப் பிழை அல்ல. 'மதராஸ் உணவு' என்று ஒன்று கிடையாது. எங்கள் பக்கம் மேட்டாங்காடு. கம்பும் சோளமும் ராகியும் தின்ற பூமி. அரிசிச் சோறு நோம்பி நொடிக்கு. அதிலும் கம்மஞ்சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொண்டவன் வேறு, அதே கம்பை இடித்துக் கொடுத்துவிட்டு மறுநாள் அதன் பழையதை வாங்கிக் குடித்தவன் வேறு. இருவரும் ஒரே ஊர், ஒரே காடு, ஒரே தானியம். எலிகளிடையே பண்ணையக்காரனும் பண்ணையாளும் இல்லாததால் மெக்காரிசனுக்கு இது தட்டுப்பட வழியில்லை. அவருக்குப் பின் 1935ல் பொறுப்பேற்ற அய்க்ராய்ட் எலியை விட்டு மனிதர்களிடம் போனார் என்பதைச் சொல்ல வேண்டும். கிராமத்து வீடுகளில் என்ன சமைக்கிறார்கள் என்று நிறுத்துப் பார்க்கச் செய்தார். விடுதிப் பிள்ளைகளுக்கு ஆடை நீக்கிய பால் கொடுத்து, உயரமும் எடையும் கூடுவதைக் காட்டினார். இந்திய உணவுப் பொருள்களின் சத்து அளவுகளைப் பட்டியலிட்டு 1937ல் வந்த கையேடு அவருடையது. இன்றைய பட்டியல்களுக்கெல்லாம் அது மூதாதை. கேழ்வரகில் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கேழ்வரகுக் கூழை யார், யாருக்கு, எந்தப் பொழுதில், எவ்வளவு தூரத்தில் நின்று ஊற்றினார்கள் என்று தெரிந்துகொள்ள நாவலுக்குத்தான் போக வேண்டும்.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யை நண்பர்கள் படித்திருப்பார்கள். கவுண்டர் வீட்டுப் பண்ணயத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட சக்கிலியப் பையன்களைப் பற்றிய நாவல். அதைப் பற்றி எழுதியவர்கள் நிலக்காட்சியைச் சொன்னார்கள், வட்டார மொழியைச் சொன்னார்கள், பிள்ளைகளின் விளையாட்டைச் சொன்னார்கள். என் பார்வையில் அது கூலியைப் பற்றிய நாவல். பையனின் கூலியில் ஒரு பகுதியை அப்பன் முன்னாலேயே வாங்கிவிடுகிறான். மற்றது பையன் வயிற்றுக்கு ஊற்றப்படுகிற கஞ்சி. ஆக, குழந்தையின் சாப்பாடு எஜமானனின் செலவுக் கணக்கில் ஓர் இனம். குறைக்க முடிகிற இனம். நம்முடைய புதுக்கவிதைகளில் பசி என்பது பெரும்பாலும் வேறு எதற்கோ படிமமாகத்தான் வந்திருக்கிறது. ஏதோ ஒரு தேடல், ஏதோ ஒரு வெறுமை. அதை எழுதியவர்களில் பலர் என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள் என்பதால் குறை சொல்ல எனக்கு யோக்யதை குறைவு. இருந்தாலும், கஞ்சியைக் கூலியாக எழுதிக் காட்ட உரைநடை தேவைப்பட்டது என்பதைக் குறித்துவைக்கலாம்.

1956ல் தொடங்கிய மதிய உணவு முதலில் ஊர்க்காரர்களின் கொடையையும் அரசின் பங்கையும் சேர்த்து நடந்தது. பிற்பாடு 1961லிருந்து அமெரிக்க 'கேர்' நிறுவனத்தின் பால்பவுடரும் கோதுமையும் எண்ணெயும் வந்து சேர்ந்தன. கொடை என்று வந்தால் கொடுக்கிறவனின் தெரு எது என்பதும் கூடவே வரும். 1982ல் மாறியது அதுதான். கிராமத்தில் 2 முதல் 9 வயது வரை எல்லாக் குழந்தைக்கும், அந்த செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984 செப்டம்பரில் 15 வயது வரைக்கும் சோறு என்பது சர்க்காரின் கடமை ஆயிற்று. பொருளாதாரம் படித்தவர்கள் அன்று கேலி செய்தார்கள். கேலி தவறு என்பதை இப்போது அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

இந்த 1984 எங்கள் வீட்டுக்கு வேறு விதத்தில் முக்கியமான வருஷம். பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது அந்த வருஷத்தில். தாத்தா தறியை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்கு வந்தவர், சங்கத்தில் இருந்தார். அந்த 127 நாளைப் பற்றித் தொழிற்சங்கத்தார் எழுதியிருக்கிறார்கள், ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் என்ன உலை வைத்தார்கள் என்பது எதிலும் இல்லை. அம்மாயி சொன்னதுதான் எனக்கு ஆதாரம்: கடனுக்கு வாங்கிய சோளம், முருங்கைக்கீரை, கடைசி மாதத்தில் ஒரு வேளைக் கஞ்சி. வேலைநிறுத்தம் முடிந்தபோது கடன் நின்றது. கடனை அடைக்க என் மாமா, அம்மாவின் தம்பி, பதினோரு வயதில் கைமடிக்குப் போனார்.

வெளியூர் நண்பர்களுக்கு: கைமடி என்றால் தையல் மிஷினுக்கு எதிரே உட்கார்ந்து, டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியைப் பிரித்து மடித்து அடுக்குகிற வேலை. மிஷினின் வேகத்துக்குக் கை ஓட வேண்டும். சின்ன விரல் நன்றாக ஓடும் என்று பிள்ளைகளைத் தேடினார்கள். 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் பல வருஷம் இந்த ஊரின் கைமடிப் பிள்ளைகளை யாரும் மறைத்து வைக்கக்கூட இல்லை. மாமா பள்ளிக்கூடத்தை விட்ட அதே வருஷம்தான் அவர் வயதுப் பிள்ளைகளுக்குச் சத்துணவு நீட்டிக்கப்பட்டது. சோறு பள்ளிக்கூடத்தில் இருந்தது. மாமா கம்பெனியில் இருந்தார். டீயும் பன்னும் தின்று ஒன்றரை ஷிப்ட் வேலை செய்தார். இன்றைக்கு அவர் சிங்கர் டெய்லர். ஐந்தடிக்கும் குறைந்த உயரம். மூத்தவளான என் அம்மா அவரைவிட நாலு விரற்கடை உயரம். பரம்பரை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

வேலைநிறுத்தத்துக்குப் பின் வேலை சிறுசிறு கூடங்களுக்குச் சிதறியது என்றும், ஏற்றுமதி பெருகப்பெருகப் பெண்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சரத் சாரியின் 2004ஆம் வருஷப் புத்தகம், கவுண்டர் சமூகத்து முதலாளிகள் பலர் தாங்களே மிஷினில் உட்கார்ந்து உழைத்து மேலே வந்த கதையை நுணுக்கமாகச் சொல்கிறது. அவர்கள் தங்கள் 'உழைப்பை'யே மூலதனமாகச் சொல்லிக்கொள்வதை அவர் பிடித்துக் காட்டுகிறார். நல்ல புத்தகம். எனக்கு அதன் மேல் ஒரு சந்தேகம் உண்டு: உழைத்து மேலே வந்தவனுக்கு வீட்டில் வேளைக்குச் சோறு ஆக்கி வைத்தது யார்? தோட்டத்தில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்த கை கணக்கில் வந்தால் இந்தக் கதை வேறாகிவிடும். திருப்பூர் நாவலான எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை'யிலும் எனக்கு இதே குறைதான். அங்கே இளைஞர்கள் ஏறுகிறார்கள், விழுகிறார்கள். அடுப்படி தூரத்தில் இருக்கிறது.

நான் வேலை செய்கிற கிளையில் பேக்கிங் கிரெடிட் என்று ஒரு கணக்கு உண்டு. வெளிநாட்டு ஆர்டரைக் காட்டினால், இன்னும் தைக்கப்படாத பனியனின் மேல் கடன் கிடைக்கும். நூல் வாங்க, சாயம் போட, கூலி கொடுக்க. வட்டியில் சலுகை உண்டு. வராத பொருளை நம்பி முன்னாலேயே செலவழிப்பது தொழிலில் விவேகமான காரியம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதே கவுண்டரில் மகப்பேறு உதவிப் பணமும் வருகிறது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம். மொத்தம் 18,000 ரூபாய், அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம், மீதி தவணைகளாகக் கணக்கில் ஏறும். ஏறிய மறுநாளே பல கணக்குகளில் அது குழுக்கடன் தவணைக்குப் போவதைப் பார்க்கிறேன். ஒரு பெண்ணிடம் ஒருமுறை வாய்விட்டே கேட்டுவிட்டேன். எட்டு மாதம் இருக்கும். 'பேரீச்சம்பழமெல்லாம் வந்துதுங்ணா. மாமியாரு, நாத்தனா எல்லாருந்தான் தின்னோம்,' என்றாள். பிசிர் வெட்டுகிற வேலை. அந்த வாரம்வரை போய்க்கொண்டிருந்தாள்.

அவள் எங்கிருந்து வந்தாள் என்பதிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அமெரிக்க செனட்டர் ஹார்கின் 1992ல் குழந்தை உழைப்பில் உருவான சரக்கைத் தடுக்கும் மசோதா கொண்டுவந்ததிலிருந்து, வெளிநாட்டு வாங்குவோர் கேள்வி கேட்கத் தொடங்க, கம்பெனிகளிலிருந்து சிறு பிள்ளைகள் மெல்ல மறைந்தார்கள். அதே பத்தாண்டின் கடைசியில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூல்மில்களில் 'சுமங்கலித் திட்டம்' பெருகியது. வறண்ட மாவட்டங்களிலிருந்து பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள், பெரும்பாலும் தலித் குடும்பத்தவர், மூன்று வருஷ ஒப்பந்தத்தில் மில் விடுதிக்கு வந்தார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ. விடுதிச் சாப்பாடு, இரவு ஷிப்ட், பஞ்சுத் தூசி. வளர வேண்டிய வயதில் ரத்தசோகையோடு வெளியே வந்தவள் உடனே கல்யாணமாகி, உடனே கருவுற்றால், பிறக்கிற குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவம் சொல்கிற விஷயம். குழந்தையைக் கம்பெனியிலிருந்து அனுப்பிவிட்டோம் என்று சான்றிதழ் வாங்கியாயிற்று. குறைவளர்ச்சி தாயின் வயிற்று வழியாக அடுத்த தலைமுறைக்குள் போய்விட்டது. எந்தத் தணிக்கையாளர் கண்ணிலும் அது படாது.

நமது கொடையாளர் சரித்திரத்தின் பெரிய ஓட்டை மூன்று வயதுக்குக் கீழே இருக்கிறது. மூளையும் எலும்பும் முடிவாகிற வயது அதுதான். பள்ளிக்கூடத்தில் வைக்கிற சோறு அங்கே எட்டாது. இதைத் தமிழ்நாட்டில் ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டார்கள். 1980ல் உலக வங்கிக் கடனோடு, மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைச் சொல்கிறேன். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை ஒவ்வொரு குழந்தையையும் மாதாமாதம் தராசில் தொங்கவிட்டு நிறுத்தார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும், மூன்று மாதம், ஊர்ப் பெண்களே பிடித்த சத்துமாவு உருண்டை. படம் எடுக்க ஏதுவான பந்தி இல்லை. அதனாலோ என்னவோ இந்தத் திட்டத்தை இன்று யாருக்கும் நினைவில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்த சத்துணவு எல்லாப் புகழையும் எடுத்துக்கொண்டது. கடுமையான குறைவளர்ச்சி அந்தப் பகுதிகளில் குறைந்தது என்று மதிப்பீடுகள் சொல்லின. ஆனால் அந்தத் திட்டமும் ஒன்றை எடுத்துக்கொண்டு தொடங்கியது: தாய் வீட்டிலோ பக்கத்துக் காட்டிலோ இருப்பாள், கூப்பிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

திருப்பூரில் அவள் எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறாள். ஆர்டர் அவசரம் என்றால் அதற்கும் மேல். பால்வாடி (அங்கன்வாடி என்று பலகையில்தான் இருக்கிறது) பிற்பகலோடு மூடிவிடும். இடைப்பட்ட நேரத்தில் ஒன்றரை வயதுக் குழந்தை யாரிடம் இருக்கும்? கிழவியிடம், இல்லையானால் ஏழு வயது அக்காளிடம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு நாலைந்து முறை, குழைத்து, கொஞ்சம் எண்ணெயோ பருப்போ சேர்த்து, பொறுமையாக ஊட்ட வேண்டும். அரிசி வீட்டில் இருக்கிறது. ஊட்டுகிறவள் ஓவர்லாக் மிஷினில் இருக்கிறாள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் அவளுடைய இடத்தை நிரப்புகிறது. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் முப்பதுக்கு மேல் பெண்கள் இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2017ல் திருத்தப்பட்ட பேறுகாலச் சட்டம் ஐம்பது பேர் என்று எழுதியது. பத்து மிஷின் போட்ட ஜாப் ஒர்க் கூடத்துக்கு இரண்டுமே பொருந்தவில்லை. பெரிய கம்பெனிகள் சிலவற்றில் சுவரில் பூ வரைந்த அறை உண்டு; கடன் பரிசீலனைக்குப் போனபோது ஒன்றைப் பார்த்திருக்கிறேன். தொட்டிலில் சாம்பிள் துணி கிடந்தது.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கிழவியும் இல்லை. 2020 அக்டோபரிலிருந்து அவர்கள் ஊர் ரேஷன் அட்டைக்கு இங்கே பொருள் வாங்கலாம் என்று ஆகிவிட்டது. அட்டை பெரும்பாலும் ஊரில் மாமியார் கையில் இருக்கிறது.

இப்போது அம்மாயியின் கேள்விக்கு வர வேண்டும். 1998ல் நான் நாலாவது படித்தேன். அந்த வருஷத்தில்தான் பதினைந்து நாளுக்கொரு முட்டை வாரத்துக்கொரு முட்டை ஆயிற்று. எங்களுக்கெல்லாம் அது பெரிய சந்தோஷம். அதே வருஷம் எங்கள் பள்ளிக்கு ஆக்குவதற்குப் புதிதாக ஒரு ஆயா வந்தாள்; மாதாரி வளவிலிருந்து. அம்மாயி விசாரித்துத் தெரிந்துகொண்டுவிட்டாள். மறுநாளிலிருந்து தூக்குப்போசியில் பழைய சோறும் ஊறுகாயும். 'கேட்டா வவுத்து வலின்னு சொல்லிப்போடு' என்று எனக்குப் பாடம். நான் அப்படியே சொன்னேன். என்னைப் போல இன்னும் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு அந்த வருஷம் வயிற்றுவலி. முட்டை போடுகிற நாளில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு பழையதைத் தின்றேன். 127 நாள் கஞ்சி குடித்த குடும்பம், தன் பிள்ளையைக் கைமடிக்கு அனுப்பிய குடும்பம், பேரனுக்கு வந்த முட்டையை வேண்டாம் என்று சொல்ல முடிந்திருக்கிறது. அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் அந்த ஆயாவை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். நான் மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. முட்டை கிடைத்தது என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் இழந்தது சில முட்டைகள். அந்த ஆயாவின் வீட்டில் அந்தச் சம்பளம் எதை நிரப்பிக்கொண்டிருந்தது, அவளுக்கு என் வயதில் பிள்ளை இருந்ததா என்பதெல்லாம் அன்று யோசனையில் வரவில்லை. ஜாதி குழந்தைப் பசியை இரண்டு பக்கமும் உண்டாக்குகிறது, ஆனால் சமமாக அல்ல. ஒருத்தனுக்கு அது வேளைச் சோற்றில் ஒரு பதார்த்தம் குறைவது. இன்னொருத்திக்கு வேலை போவது.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாமல், 2018 ஜூலையில் அவிநாசி பக்கத்துத் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அது நாடறிய நடந்தது. அரசு உயர்நிலைப் பள்ளிக்குச் சமையலராக வந்த அருந்ததியப் பெண்மணியை ஆக்க விடாமல் தடுத்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். அதிகாரி கையில் இருந்த முதல் தீர்வு, அந்த அம்மாளையே மாற்றல் செய்வது. எதிர்ப்பு கிளம்பியபின் மாற்றல் ரத்தாகி, வழக்குப் பதிவாயிற்று. 2025 நவம்பரில் திருப்பூர் சிறப்பு நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தடுத்ததற்கும் தீர்ப்புக்கும் இடையில் ஏழு வருஷத்துக்கு மேல். அன்று ஆறாவது படித்த பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்துப் போயிருக்கும். 2023ல் காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது, கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் அதே கேள்வி கேட்கப்பட்டது. கலெக்டரே போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. சத்துணவு தொடங்கி நாற்பது வருஷம் ஆகியும் தட்டில் இருப்பதற்கு ஜாதி இல்லை, தட்டுக்குப் பின்னால் இருக்கிற கைக்கு இருக்கிறது.

அம்மாயி இரண்டு வருஷத்துக்கு முன் போய்விட்டாள். திருமலைக்கவுண்டன்பாளையம் செய்தி வந்த நாட்களில் நான் பேப்பரைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'அந்தப் புள்ள நல்லாத்தான் ஆக்குச்சு' என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. அவள் எப்போது அதை ருசி பார்த்தாள் என்று கேட்டேன். 'வாசம் வருமில்ல, ரோட்டுல போறப்ப' என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க அவளுக்கு விருப்பம் இல்லை.

நான் கிளைக்கு நடந்து போகிற வழியில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. எட்டரை மணி சுமாருக்குப் பந்தி நடக்கும். பெரும்பாலும் கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள். அம்மாக்கள் அப்போதுதான் அந்த வழியாக ஓடுகிறார்கள். இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ இருக்கும் ஒரு பெண் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். அவனுக்கு இரண்டு வயதிருக்கலாம், கால் இன்னும் நேராகவில்லை. அவன் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இல்லாததால் கம்பிக் கதவுக்கு வெளியே நிற்கிறான். அவள் பாதிப் பொங்கலைத் தின்றுவிட்டு, தட்டோடு கதவருகே வந்து, கம்பி வழியாக உருண்டை உருண்டையாக அவன் வாயில் வைக்கிறாள். தட்டு காலியானதும் திரும்ப உள்ளே போகிறாள். ஆக்குகிற பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். இன்னொரு கரண்டி போடுகிறாள், யாருக்கு என்று கேட்பதில்லை.